இரண்டு வண்டி நீளம்

பத்தாம் எண் மனையை ஏலம் எடுத்தது நான்தான். அப்பா இல்லை, அம்மா இல்லை. யாரும் என் கையைப் பிடித்துத் தூக்கவில்லை, நானே தூக்கினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் தெருவில் இப்போது கதை வேறு மாதிரி ஓடுகிறது. பச்சமுத்து காசை வாங்கிக்கொண்டு பெற்ற பெண்ணையே கிணற்றில் தள்ளிவிட்டான் என்கிறார்கள். அவர் தள்ளவில்லை.

பச்சமுத்து என் அப்பா. எங்கள் பேரூராட்சியின் குப்பை டிராக்டரைப் பதினாறு வருடம் ஓட்டினார், தினக்கூலிக்கு. மூன்று வருடத்துக்கு முன்னால் குப்பை வேலை முழுவதும் ஒரு ஒப்பந்தக்காரரிடம் போனது. ஒரு திங்கட்கிழமை காலையில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். இப்போது ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் வாட்ச்மேன். அம்மா மாரக்காள் அதே ஆலையில் கிழங்கு தோல் சீவுகிறாள். நான் கணிதத்தில் பி.எஸ்சி. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதல் பட்டம் என்னுடையதுதான். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறையின் ஆபீசில் கொட்டேஷன் போடுகிறேன், தவணையில் வாங்கிய ஸ்கூட்டியில் போய் வருகிறேன்.

நாங்கள் இருப்பது லைன் வீடு. ஒரே வரிசையில் ஏழு அறை, ஏழு குடும்பம், இரண்டு கக்கூஸ். நான் பிறந்ததிலிருந்து இது ஆறாவது வீடு. பட்டமளிப்பு விழாவில் எடுத்த என் போட்டோ அரிசி டிரம்மின் மேல் சாய்ந்து நிற்கிறது. சுவரில் ஆணி அடித்தால் ஓனர் அட்வான்ஸில் பிடிப்பார். சோறு வடிக்கும்போதெல்லாம் அம்மா அந்தப் போட்டோவை எடுத்துக் கட்டில் மேல் போட்டுவிட்டு, அரிசி எடுத்த பிறகு திரும்ப வைப்பாள். எங்களுக்கு ஒரு மனை எதற்கு என்று யாராவது கேட்டால் நான் சொல்லக்கூடிய பதில் அந்த ஆணி மட்டும்தான். அதற்காக மூன்று பேரும் ஐந்து வருடம் சேர்த்தோம்.

பழைய குப்பைக் கிடங்கை மனை போட்டு விற்கிறார்கள் என்ற அறிவிப்பு பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தது. சேந்தமங்கலம் போகும் சாலையில் இருக்கும் இடம். குப்பையைச் சலித்து அள்ளிவிட்டு, செம்மண் கொட்டி நிரவி, பதினான்கு மனை பிரித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் முப்பதுக்கு நாற்பது. பொது ஏலம். குறைந்தபட்ச விலை, முன்வைப்புத் தொகை, பத்தொன்பது நிபந்தனைகள். பத்தொன்பதையும் நான் படித்தேன். ஏலத்துக்கு வந்தவர்களில் அதைப் படித்தது அநேகமாக நான் ஒருத்திதான்.

அன்றைக்கு மாலை வீட்டில் சொன்னேன். அப்பா சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"கேட்டைத் தாண்டுனா சோத்தாங்கைப் பக்கம், ரெண்டு வண்டி நீளம் தள்ளி, ஒரு கெணறு இருக்குது சாமி. நாங்கதான் குப்பையப் போட்டு நெரப்புனோம். அதை மட்டும் எடுத்துராத."

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஒரு வண்டி எத்தனை அடி? டிராக்டரும் டிரைலரும் சேர்ந்து முப்பது அடி வரும் என்றார். இரண்டு வண்டி அறுபது அடி. மனைக்கு முகப்பு முப்பது அடி. அறுபது அடி தாண்டினால் மூன்றாவது மனை தொடங்குகிறது. அறிவிப்பின் நகலுக்குப் பின்னால் இந்தக் கணக்கைப் போட்டு, வரைபடத்தில் வாசலை ஒட்டி வலது கைப் பக்கம் எண்ணிக்கொண்டு போய் மூன்றாம் எண்ணைச் சிவப்பு மையால் சுழித்தேன். கணக்கில் தப்பு இல்லை. இன்றைக்குப் போட்டாலும் அதேதான் வரும்.

மனைகளைப் பார்வையிட ஒரு நாள் கொடுத்திருந்தார்கள். நானும் வரட்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். வெயில், உங்களுக்கு வேலை இருக்கிறது என்று ஏதோ சொன்னேன். அங்கே வருகிறவர்களுக்கு நான் யாருடைய பெண் என்று தெரிய வேண்டாம், அதுதான் காரணம். எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூட வாசலில் டிராக்டரை மெதுவாக ஓட்டி எனக்காக ஹாரன் அடிப்பார். நான் கழிப்பறைக்குள் போய் நின்றுகொள்வேன். அந்தக் கிடங்குக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. சாலையில் பஸ்சில் போகும்போதுகூட மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அதனால் தனியாகப் போனேன். சாலைப் பக்கம் வளைவு வைத்துப் புது கேட் போட்டிருந்தார்கள். நடுவில் மண் ரோடு, இரண்டு பக்கமும் ஏழேழு மனை. எதிர்க்கோடியில் புது மதில், அதற்குப் பின்னால் ஏரி. கேட்டிலிருந்து வலது கைப் பக்கம் ஒன்று முதல் ஏழு. கோடியில் திரும்பி, இடது கைப் பக்கம் எட்டு முதல் பதினான்கு. மூன்றாம் எண் கல்லுக்குப் பக்கத்தில் மண் கொஞ்சம் குழிந்திருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கிணறு இதுதான், வேறு யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன்.

அதிலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனேன். எதிர் வரிசை, எதிர்க்கோடி. எட்டாம் எண் மூலை மனை, விலை கூடுதல். ஒன்பதுக்கு முன்னால் டிரான்ஸ்பார்மர். பத்தில் குறை எதுவும் இல்லை. புல் நன்றாகப் பச்சையாக இருந்தது. மண் நல்ல மண் என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அப்பா அதிலிருந்து இறங்கினார், கையில் பிரியாணிப் பார்சலோடு. கார் தமிழரசுவுடையது. இரண்டு போர்வெல் ரிக் வைத்திருக்கிறார், நிலம் வாங்கி விற்கிறார். எங்கள் பேரூராட்சியில் எதை ஏலம் விட்டாலும், புளியமரமாக இருந்தாலும் சந்தைச் சுங்கமாக இருந்தாலும், அவர் ஆட்கள்தான் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஏலத்துக்கு முன்னால் முன்பணம் கட்டிய எல்லோரும் அலுவலகத்துக்குப் பக்கத்துப் பேக்கரியில் கூடுவார்கள். எதை யார் கேட்பது, யார் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று அங்கேயே முடிந்துவிடும். வாயை மூடியவனுக்கு ஒரு பங்கு. அலுவலகத்தில் ஏலம் நடப்பது ஊருக்குக் காட்டத்தான். இது எல்லோருக்கும் தெரியும், அலுவலகத்துக்கும் தெரியும்.

தமிழரசுவுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். என் அப்பாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். போயிட்டு வா பச்சமுத்து என்று காருக்குள்ளிருந்து சொன்னது என் காதில் விழுந்தது. அப்பா சரிங்க என்றார்.

வீட்டுக்குள் வந்ததும் பார்சலை வாங்கி வெளியே வைத்தேன். தெரு நாய்கள் பார்த்துக்கொண்டன. என்ன பேசி முடித்தீர்கள், என்னை ஏலம் கேட்க விடாமல் பண்ண எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டேன். ஏழு வீட்டுக்கும் கேட்கும் குரலில் கேட்டேன்.

"அதில்ல சாமி, அங்க இப்ப..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒரு பிரியாணிக்கு அவன் வண்டியில ஏறிப் போறீங்க. உங்களுக்கு ரோசம்னு ஒண்ணு இருக்குதா இல்லையா?"

அப்பா அதற்கு மேல் பேசவில்லை. அவர் சுபாவம் அது. கேட்டால் சொல்வார், அடக்கினால் அடங்கிவிடுவார். சட்டையைக் கழற்றி ஆணி இல்லாத சுவரோரம் மடித்து வைத்துவிட்டு, வாட்ச்மேன் சட்டையை மாட்டிக்கொண்டு, ஷிஃப்டுக்கு இன்னும் நேரம் இருந்தும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு ஏலத்துக்கு இருந்த பத்து நாளும் நான் அவரோடு பேசவில்லை. எந்த மனையைக் கேட்கப் போகிறேன் என்பதையும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அவள் அவரிடம் சொல்வாள், அவர் தமிழரசுவிடம் சொல்வார் என்று நினைத்தேன்.

ஏலத்தன்று காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பேக்கரி வாசலில் தமிழரசு கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. நீயும் கட்டியிருக்கிறாயாமே, எந்த நம்பர் என்றார். எல்லா நம்பரும் என்றேன். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஏம்மா டிகிரி, சும்மா உக்கோந்துட்டுப் போறதுக்கு இருபதாயிரம் வாங்கிக்க. அம்மாவுக்கு ஒரு தோடு எடுத்துக் குடு."

அம்மா என் முந்தானையைப் பிடித்தாள். வாங்கிக்கொள் என்று பிடித்தாளா, வா போகலாம் என்று பிடித்தாளா, இன்றுவரை கேட்கவில்லை. என் அம்மாவுக்குத் தோடு எடுக்க எனக்குத் தெரியும், உங்கள் ரிக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போனேன்.

கூட்ட அறையில் மின்விசிறி ஒன்றுதான் ஓடியது. செயல் அலுவலர் நடுவில் உட்கார்ந்திருந்தார். கிளார்க் ஆனந்தகுமார் எண்களை வாசித்தார். ஒன்று, இரண்டு எல்லாம் பேக்கரியில் பேசியபடியே போயின. மூன்றாம் எண்ணை தமிழரசுவே கேட்டார், நாற்பதாயிரம் கூட்டி எடுத்தார். நான் குனிந்துகொண்டேன், முகத்தில் தெரிந்துவிடக் கூடாது என்று. கிணற்றை வாங்கிவிட்டான், நன்றாக வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த வருடத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு நிமிடம்தான்.

எட்டும் ஒன்பதும் போயின. பத்தாம் எண் வந்தது. ஆனந்தகுமார் குறைந்தபட்ச விலையை இரண்டு தடவை வாசித்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கையைத் தூக்கி ஐயாயிரம் கூட்டிச் சொன்னேன். எனக்கு முன்னால் இருந்த ஒரு ஆள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லப் போனார். தமிழரசு அவர் தொடையில் கை வைத்தார்.

"புள்ளெ கேக்குது. உட்டுக்குடுங்க."

ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். ஆனந்தகுமார் என் பேரை எழுதினார். அபிநயா, தகப்பனார் பெயர் பச்சமுத்து. அங்கேயே கால் பங்கு கட்டினேன். மீதியைப் பதினைந்து நாளில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கொடுத்தது திரும்ப வராது, பதினோராவது நிபந்தனை. எல்லோரும் பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு பெண் தைரியமாக எழுந்து நின்று கேட்டால் இவ்வளவுதான் இவர்கள் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா ரசீதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

நான்காம் நாள் சர்வேயர் அளந்து காட்டினார். அன்றைக்கு அப்பாவையும் வரச் சொன்னேன். ஜெயித்த பிறகு கூப்பிடுவது சுலபமாக இருந்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை, சட்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான்.

புது கேட் வளைவுக்குக் கீழே அப்பா நின்றார். ஒரு தடவை இந்தப் பக்கமும் ஒரு தடவை அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு எங்களை விட்டுவிட்டு நேராக மண் ரோட்டில் கடைசிவரை நடந்தார். ஏரியை ஒட்டிய மதிலிடம் போய், அதில் ஒரு இடத்தைக் கையால் தடவினார். தூரத்திலிருந்தே தெரிந்தது, மதில் முழுக்க ஹாலோ பிளாக் கல், அந்த இடத்தில் மட்டும் செங்கல். பன்னிரண்டு அடி அகலத்துக்கு வைத்து அடைத்திருந்தார்கள்.

அது கேட். பதினாறு வருடம் அவர் உள்ளே வந்த கேட். டிராக்டர் ஏரிக்கரை வழியாகத்தான் வரும், மெயின் ரோட்டில் நாற்றம் அடிக்கிறது என்று ஊர்க்காரர்கள் சண்டை போட்டதால். எனக்கு அது தெரியாது. பஸ்சில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனவளுக்கு எப்படித் தெரியும்?

மதிலுக்கு முதுகைக் காட்டி நின்று, அப்பா எங்களை நோக்கி நடந்து வந்தார். வண்டி ஓட்டுகிற மாதிரி நிதானமாக வந்தார். அறுபது அடி வந்ததும் வலது பக்கம் திரும்பி இறங்கினார். பச்சைப் புல்லில் நான்கு எட்டு வைத்து நின்றார். அவர் காலுக்குப் பக்கத்தில் இருந்த கல்லில் வெள்ளைப் பெயின்டில் பத்து என்று எழுதியிருந்தது.

அதுதான் உங்கள் மனை என்று சர்வேயர் அங்கிருந்தே கத்திச் சொன்னார். டேப்பைப் பிடிக்க ஆள் வேண்டும், பெரியவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். அப்பா குனிந்து டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார். நான்கு பக்கமும் அளந்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு சுற்றினார். சர்வேயர் போன பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"நம்பரை நான் பாக்கலீங் சாமி," என்றார். "கார்ல கூட்டிட்டுப் போனாரே, அவருக்கு எடத்தைத்தான் காமிச்சேன்."

அம்மா எல்லைக் கல்லின் மேல் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. எனக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும், அன்றைக்கு அதுவும் வரவில்லை. தூரத்தில் கொல்லிமலை இருந்தது, பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பட்டறையில் அரை நாள்தான் லீவு சொல்லியிருக்கிறேன், ஒன்றரை மணிக்குள் போக வேண்டும் என்று நினைத்தேன். போனேன். மூன்று லாரிக்குக் கொட்டேஷன் போட்டேன், தப்பில்லாமல் போட்டேன்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். ஆனந்தகுமார் கோப்பை எடுக்கக்கூட இல்லை. ஏழாவது நிபந்தனை என்ன என்று என்னையே கேட்டார். எனக்கு மனப்பாடம். மனை உள்ளது உள்ளபடியே விற்கப்படும், ஏலதாரர் நேரில் பார்த்துத் திருப்தி அடைந்த பிறகே ஏலம் கேட்க வேண்டும். நான் ஒப்பித்தேன். அப்புறம் என்னம்மா என்றார். கிணறு இருப்பது அலுவலகத்துக்குத் தெரியுமா என்று கேட்டேன். பதிவேட்டில் கிணறு இல்லை என்றார். அதை நிரப்பியவருக்கே அலுவலகப் பதிவேட்டில் பேர் இல்லை, கிணற்றுக்கு எங்கே இருக்கப் போகிறது?

அவர் மோசமான ஆள் இல்லை. குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். மீதியைக் கட்டிப் பத்திரம் முடித்துக்கொள், ஒரு வருடம் சும்மா போடு, ஆத்தூர் பக்கத்து ஆள் யாருக்காவது தள்ளிவிடு, நல்ல விலை வரும் என்றார். அங்கிருந்து வருகிறவனுக்கு என்ன தெரியும்?

திரும்பும்போது பேக்கரி வாசலில் தமிழரசு நின்றுகொண்டிருந்தார். நானே அவரிடம் போனேன். தெரிந்தேதானே விட்டீர்கள் என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தார். இந்தத் தடவை டிகிரி என்று கூப்பிடவில்லை.

"நான் எதையும் மறைக்கலம்மா. ரிக்குக்காரன், பூமிக்கு அடியில என்ன இருக்குதுன்னு கேக்காம எதையும் வாங்க மாட்டேன். உங்கப்பனைக் கேட்டேன். வண்டியில கூட்டிக்கிட்டுப் போனேன், கையைப் புடிச்சுக் காமிச்ச மாதிரி காமிச்சாரு. அதுக்கு ஒரு சாப்பாடு வாங்கிக் குடுத்தேன், அவ்ளோதான்." பிறகு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார். "நீ கூட்டிக்கிட்டுப் போய்ப் பாக்கலியா?"

அங்கிருந்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

வீட்டில் ஆனந்தகுமார் சொன்னதைச் சொன்னேன். அம்மாவுக்கு அது பிடித்தது. கட்டிய பணம் போகாது, மேலே கொஞ்சம் வரும், வேறு எங்காவது பார்க்கலாம் என்றாள். சேர்த்ததில் மிச்சமிருப்பதோடு அவளுடைய மூன்று பவுன் சங்கிலியையும் பேங்கில் வைத்தால் மீதிக்குச் சரியாக வரும் என்று கணக்கும் சொன்னாள். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. ஆத்தூர்க்காரன் ஒருவன், மனைவி, ஒரு குழந்தை, ஒரு பத்திரம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் உறைக்கவில்லை. யாரோ என்னிடம் செய்யவில்லையா?

அப்பா வாசல்படியில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். திரும்பாமலே பேசினார்.

"வாங்குறவன் வந்து கேட்டா நான் சொல்லிப்போடுவேனே, அம்மிணி."

"கேக்க மாட்டாங்க," என்றேன்.

"கேட்டா?"

"நீங்க ஏன்யா சொல்றீங்க? வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா?" என்று அம்மா கத்தினாள். ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கு அவரிடம் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கேட்கிறவனுக்கு என்னவென்று சொல்வது, அங்கே கிணறு இருக்கிறதே என்று மட்டும் சொன்னார். உத்தமர் மாதிரியெல்லாம் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். இதே மாதிரிதான் தமிழரசுவிடமும் சொல்லியிருப்பார். இதே மாதிரிதான் என்னிடமும் சொன்னார், சோற்றுத் தட்டின் மேல் குனிந்துகொண்டு. எங்கள் இரண்டு பேரிடமும் ஒரே வார்த்தைதான். நான் அதைக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். அவன் வண்டியில் கூட்டிக்கொண்டு போனான்.

விற்பது அதோடு முடிந்தது. மிச்சம் இரண்டே வழி. கட்டிய கால் பங்கை விட்டுவிட்டு இந்த அறையிலேயே இருப்பது, அல்லது மீதியையும் கட்டிக் கிணற்றை வாங்குவது. எதையும் முடிவு செய்யாமலே பதினைந்து நாளில் பன்னிரண்டு போய்விட்டது. பதின்மூன்றாம் நாள் வேலைக்குப் போய் வந்தேன். பதினான்காம் நாளும் போய் வந்தேன். அம்மா அரிசி எடுக்கும்போது போட்டோவைக் கட்டில் மேல் போட்டாள், திரும்ப டிரம் மேல் வைத்தாள்.

பதினைந்தாம் நாள் காலை அம்மா சங்கிலியைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து என் பைக்குள் வைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை. பேங்குக்குப் போனேன், அலுவலகத்துக்குப் போனேன், மீதியைக் கட்டினேன். ஆனந்தகுமார் ரசீதில் சீல் வைக்கும்போது நல்ல முடிவு, ஒரு வருஷம் பொறுத்துக்கோ என்றார். விற்கவில்லை என்று சொன்னேன். அப்புறம் என்ன பண்ணப் போகிறாய் என்றார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. தைரியமாக எடுத்த முடிவு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அப்படி இல்லை. ஏழாவது வீடு தேடிக்கொண்டு அலைய என்னால் முடியாது என்று கால் சொன்னது, போய்க் கட்டிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவை ஸ்கூட்டியில் உட்கார வைத்து மனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் என் வண்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை. பின்னால் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, என் முதுகில் படாமல் உட்கார்ந்து வந்தார். வழியில் ஒரு பை சுண்ணாம்புத் தூள் வாங்கினேன். பட்டறைக்கு வரும் கொத்தனார் ஒருவரிடம் கேட்டிருந்தேன். கிணறு மனையில் எந்த இடத்தில் விழுகிறது, எவ்வளவு அகலம் என்று சரியாகத் தெரிந்தால், மிச்ச இடத்தில் அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் பெல்ட் போட்டு ஏதாவது எழுப்பலாமா என்று வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றார். சொல்கிறேன் என்றுதான் சொன்னார். ஆகும் என்று சொல்லவில்லை.

தமிழரசுவின் மூன்றாம் எண்ணில் ஏற்கெனவே செங்கல் இறங்கியிருந்தது. அந்தக் குழி, ஜேசிபி திரும்பிய குழிதானாம். நிரவிவிட்டிருந்தார்கள்.

பத்தாம் எண்ணில் புல் முழங்கால் வரைக்கும் வளர்ந்திருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, அடியில் இருப்பது அத்தனையும் சந்தை நாள் குப்பை, வாழையிலையும் காய்கறியும், அதுதான் இப்படி வளர்கிறது என்றார். கேட்காமலே அவர் சொன்ன முதல் விஷயம் அது. மே மாதம் ஆனால் உள்ளே புகையும், ஒரு தடவை மூன்று நாள் புகைந்தது என்றார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டேன். சுண்ணாம்புப் பையை அவர் கையில் கொடுத்தேன்.

"கெணறு எங்க ஆரம்பிக்குது, எதுவரைக்கும் வருது, காட்டுங்கப்பா."

அவர் பையைப் பிரித்து ஒரு பிடி அள்ளிக்கொண்டார். சாலைப் பக்கம் இருந்த வளைவைப் பார்த்தார், பிறகு ஏரிப் பக்கம் அடைத்திருந்த செங்கலைப் பார்த்தார்.

"எந்தக் கேட்டுல இருந்து சொல்லட்டும் சாமி?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

உங்கள் கேட்டிலிருந்தே சொல்லுங்கள் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு மதிலை நோக்கி நடந்தார். நான் நோட்டை மூடி வைத்துவிட்டு அவர் பின்னாலேயே போனேன்.